புழங்கின சாமான்

பிரபு, நேத்து போன்ல பேசிக்கிட்டே இருக்கும்போது நடுவுல ஒண்ணு சொன்ன. "அந்தக் குண்டான் இங்க அடுப்புல உக்காரலம்மா, கீழ ஸ்டோர் ரூம்ல போட்டுட்டேன்"னு. சொல்லிட்டு நீ பாட்டுக்கு பனி கொட்டுது, பஸ்ஸு லேட்டுன்னு வேற பேச்சுக்குப் போயிட்ட. நானும் உம் கொட்டிட்டு வச்சுட்டேன். வச்சதுக்கு அப்புறம் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கல்லுல ஊத்தின தோசை கருகிப் போச்சு. உங்கப்பா எட்டிப் பாத்துட்டு, உன் புள்ளகிட்ட பேசினியான்னு கேட்டாரு. அவருக்கு எப்படித்தான் தெரியுமோ.

போன்ல இதையெல்லாம் சொன்னா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு வாயை அடைச்சுடுவ. அதனாலதான் எழுதறேன். மத்தியானம் நம்ம டிபன் கடையில கூட்டம் கம்மி, டேபிளைத் துடைச்சுட்டு உக்காந்திருக்கேன். உங்கப்பா இதைப் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புவாரு. படிக்கும்போது கவிதாவையும் பக்கத்துல வச்சுக்கோ. இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. ஒளிச்சு வச்சதாலதான் இத்தனையும் வந்துச்சு.

எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதைதானேன்னு நினைக்காத. உனக்குத் தெரிஞ்சது பாதிதான். தை மாசம் கல்யாணம் முடிஞ்ச கையோட, லீவு இல்லன்னு நீ ஜெர்மனிக்குக் கிளம்பிட்ட. விசா வர்ற வரைக்கும் கவிதா எங்களோட இங்க கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலையில இருந்தா. போளூர்ல இருந்து அவங்கம்மா அனுப்பின சீர் சாமான் எல்லாம் கவர்கூடப் பிரிக்காம உன் ரூம்ல பீரோ பக்கத்துல அடுக்கி இருந்துச்சு. குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், எவர்சில்வர் சம்படம், கிரைண்டர், அப்புறம் அந்தப் பித்தளைக் குண்டான். ரெண்டு பேர் குடித்தனம் பண்ற வீட்டுக்கு ஒரு கல்யாணப் பந்திக்கு ஆகற குண்டானைக் குடுத்து அனுப்பின அம்மாவை நீ எங்கயாவது பாத்திருக்கியா? நானும் மொதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் கவிதா சொன்னா. அந்தம்மா பள்ளிக்கூடத்து சத்துணவுல சமைக்கிறவங்க. புருஷன் போனதுல இருந்து ஒத்தப் பொண்ணை வச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டினவங்க. ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் நசுங்கிப் போன அலுமினியப் பாத்திரத்துல ஆக்கிப் போட்டவங்க, என் பொண்ணு பித்தளையில ஆக்கணும்னு ஆசைப்பட்டு, வருஷக்கணக்கா பாத்திரச் சீட்டு கட்டி வாங்கினாங்க. உள்ள ஈயம் பூசி, விளிம்புல கவிதான்னு பேரு வெட்டி, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக் கொண்டாந்தாங்களாம். கண்டக்டர் அதை எடுத்து டாப்புல போடச் சொன்னதுக்கு அவரோட சண்டையாம்.

மாசி மாசம் நீ போன் பண்ண. குடித்தனம் மாத்திக்கிட்டு வர்றவங்க வீட்டு சாமானுக்கு அங்க வரி இல்லையாம். ஆனா ஆறு மாசமாவது புழங்கின சாமானா இருக்கணுமாம். புதுசா பளபளன்னு இருந்தா கஸ்டம்ஸ்ல நம்ப மாட்டாங்களாம். அதனால எல்லாத்தையும் பிரிச்சு இன்னிக்கே புழங்க ஆரம்பிங்கன்னு சொன்ன. நல்ல யோசனைதான். அதோட விட்டிருந்தா ஒரு வம்பும் இல்ல. ஆனா நீ என்ன பண்ண? இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க, கவிதா அம்மாகிட்ட கூட வேணாம், வாய் தவறி எங்கயாவது போய் கஸ்டம்ஸை ஏமாத்தறோம்னு ஆயிட்டா விசாவுக்கே ஆபத்துன்னு என்கிட்டயும் கவிதாகிட்டயும் சத்தியம் வாங்காத குறையா சொல்லிட்ட.

உன் பயம் எனக்குப் புரியாம இல்லடா. அந்தப் பயத்தை உனக்கு உண்டாக்கினதே நான்தான். மொத தடவ நீ அங்க போனப்போ, வேணாம் வேணாம்னு நீ கத்தக் கத்த, துணிக்கு நடுவுல ரெண்டு டப்பா நெய்யை வச்சு அனுப்பினேன். பால் சமாச்சாரம் எதுவும் உள்ள விடமாட்டான்னு எனக்கு என்ன தெரியும்? புள்ள போற எடத்துல வறட்டு ரொட்டி தின்னுமேன்னு பெத்த மனசு. ஏர்போர்ட்டுல உன்னைத் தனியா நிக்க வச்சு, பெட்டியில இருந்ததை எல்லாம் மேசை மேல கொட்டி, நெய்யை எடுத்துக் குப்பையில போட்டாங்கன்னு நீ ரொம்ப நாள் கழிச்சு ஒரு தடவ சொன்ன. எல்லாரும் பாத்துட்டுப் போனாங்கம்மான்னு சொன்ன. அன்னில இருந்து யூனிஃபார்ம் போட்டவங்களைக் கண்டாலே உனக்கு நாக்கு ஒட்டிக்குது. அதுக்கு நான்தான் காரணம், ஒத்துக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். சாமானைப் பிரிக்கணும்னு நீ சொன்னதும் எனக்குக் கையே வரல. ஏன்னு உனக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்ல. நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எங்கம்மா குடுத்த பித்தளைக் குடம் ஒண்ணு இருந்துச்சு. உங்கப்பாவோட தங்கச்சி கல்யாணத்துக்கு சீர் பத்தலன்னு என் மாமியார் அதை எடுத்துக் குடுத்துட்டாங்க. என் பேரு வெட்டியிருந்த எடத்தை அரத்தால ராவிட்டு, மேலயே அவ பேரை வெட்டினாங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை கேக்கல. இன்னிக்கும் அவ வீட்டுக்குப் போனா அந்தக் குடத்துல இருந்துதான் தண்ணி மொண்டு குடுப்பா. குடிச்சுட்டு வருவேன். அவ நல்லவதான், அவளுக்கு இதெல்லாம் ஞாபகம்கூட இருக்காது. ஆனா எனக்கு ஒரு மருமக வந்தா அவ சாமான்ல கை வைக்க மாட்டேன்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணவ. அதனால கவிதாவைக் கூப்பிட்டு, நீயே பிரிம்மா, உன் சாமான் நீயே புழங்குன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அவ என்னடான்னா என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, கத்தரிக்கோலை என் கையில குடுத்தா.

குத்துவிளக்கு வெள்ளிக்கிழமைக்கு ஆச்சு. கிரைண்டர் தினமும் மாவுக்கு ஆச்சு. குண்டான் மட்டும் எதுக்கும் ஆகல. மூணு பேர் இருக்கற வீட்ல அதுல என்னத்த ஆக்கறது? அடியில ஒரு கை அரிசி போட்டா அது எங்கயோ கிணத்துல கிடக்கற மாதிரி இருக்கு. கவிதாதான் யோசனை சொன்னா. பௌர்ணமிக்குக் கடையில வெண்பொங்கல் போடறோம் இல்ல, அதுக்கு இதை எடுத்துக்கலாம் அத்தைன்னா. எனக்குத் தயக்கமாத்தான் இருந்துச்சு. அவ விடல. பங்குனிப் பௌர்ணமி அன்னிக்கு அவளே அதுக்கு மஞ்ச குங்குமம் வச்சு, வாசல்ல வெறகு அடுப்புல ஏத்தினா. கிரிவலக் கூட்டம் கடையில மொய்க்குது. மிளகும் நெய்யும் வாசனை ரோடு தாண்டிப் போகுது. ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஜெர்மன்காரம்மா ஒருத்தங்க வந்து நிக்க, இவ விசா பரீட்சைக்குப் படிச்ச ஜெர்மன் பாஷையை வச்சு நாலு வார்த்தை தட்டுத்தடுமாறிப் பேசி, தொன்னையில பொங்கலைக் குடுத்தா. அந்தம்மா மறு தொன்னையும் வாங்கித் தின்னுட்டுப் போனாங்க. அன்னிக்குக் கவிதா மூஞ்சியில இருந்த சந்தோஷத்தை நீ பாத்திருக்கணும். புருஷன் பக்கத்துல இல்லாத புதுப் பொண்ணு, நாளெல்லாம் போனையே பாத்துக்கிட்டு இருந்தவ, அந்த அடுப்புகிட்ட நின்னாத்தான் கலகலன்னு இருப்பா.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கும் அந்தக் குண்டான் மேல ஆசை வந்துடுச்சு. அடி புடிக்கல, சூடு சீக்கிரம் ஆறல. நம்ம கடை அலுமினியக் குண்டான் பரண் ஏறிடுச்சு. பௌர்ணமிக்கு முந்தின நாளே, கவிதா அந்தக் குண்டானை எடுத்து வைன்னு நான் குரல் குடுக்க ஆரம்பிச்சுட்டேன். மருமக சாமான்ல கை வைக்க மாட்டேன்னு சொன்னவதான் நான். நீ புழங்கச் சொன்னதுக்காகப் புழங்கினேனா, எனக்குப் புடிச்சுப் போய் புழங்கினேனான்னு கேட்டா, ரெண்டும்தான்.

ஆடிப் பௌர்ணமிக்கு அவங்கம்மா சொல்லாம கொள்ளாம கிரிவலம் வந்தாங்க. மக வீட்டை எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு நினைச்சிருப்பாங்க. பொழுது சாயற நேரம், கூட்டம் அலை மோதுது. தூரத்துல இருந்தே பாத்துட்டாங்க. ரோட்டோரம், வெறகு அடுப்பு, அது மேல அவங்க வாங்கின குண்டான். அடியெல்லாம் கரி ஏறி, விளிம்புல இருந்த பேருகூட மங்கிக் கிடக்குது. பக்கத்துல அவங்க பொண்ணு நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, கரண்டியைப் புடிச்சுக் கிளறுது.  செருப்பில்லாத காலோட நடுரோட்டுல நின்னபடியே போனை எடுத்து ஒரு போட்டோ புடிச்சாங்க. அப்புறம்தான் கடைக்குள்ள வந்தாங்க.

"என் பொண்ணு சீரை வச்சு கடை நடத்தறீங்களா, சம்பந்தியம்மா?"

அவ்வளவுதான் கேட்டாங்க. சத்தம்கூட ஜாஸ்தி போடல. ஆனா தின்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கையை நிறுத்திட்டுப் பாத்தாங்க. பதில் என் நாக்கு நுனியில இருந்துச்சு. இது கஸ்டம்ஸுக்காக, உங்க மாப்பிள்ள சொன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. நான் கவிதாவைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு, உன் விசா பேச்சு. இத்தனை பேர் எதிர்ல எப்படிச் சொல்றது? வாயை மூடிக்கிட்டேன். நான்தாம்மா எடுத்து வச்சேன்னு கவிதா சொல்லிப் பாத்தா. அவங்க சொல்லாம நீ எடுப்பியான்னு அந்தம்மா கேட்டுட்டு, பொங்கலும் வேணாம், தண்ணியும் வேணாம்னு மீதி வலத்தை முடிக்கப் போயிட்டாங்க. மறுநாள் ஒரு குட்டியானை வண்டியைப் புடிச்சுட்டு வந்து எல்லா சாமானையும் ஏத்திக்கிட்டாங்க. பொண்ணு கிளம்பும்போது நானே கட்டி அனுப்பிக்கறேன்னாங்க. அந்தப் போட்டோவை அவங்க அண்ணனுக்கு அனுப்பி, அங்கிருந்து அது சொந்தக்காரங்க வட்டம் பூரா சுத்திச்சு.

அன்னிக்கு உனக்குப் போன் பண்ணேன். நீ உன் மாமியாருக்கு ஒரு போன் போட்டு, நான்தான் சொன்னேன் அத்தைன்னு சொல்லிடுடா, போதும்னேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? இதெல்லாம் சின்ன விஷயம்மா, தானா சரியாயிடும், விசா வந்ததும் சொல்லிக்கலாம்னு. உனக்கு சின்ன விஷயம். எனக்கு, பூக்காரி மொதக்கொண்டு பால்காரர் வரைக்கும், குண்டான் போயிடுச்சாமேன்னு கேட்டுட்டுப் போனாங்க. என் குடத்துல பேரை ராவினப்போ எனக்கு வலிச்சுது. ஆனா மருமக சீர்ல பொழைக்கிறவன்னு எனக்கே ஒரு பேரு வந்தப்போ அதைவிட வலிச்சுது. அடுப்பங்கரையில உக்காந்து அழுதிருக்கேன். உங்கப்பா, நான் போளூருக்குப் போய் சொல்லிட்டு வரட்டான்னு கேட்டாரு. புள்ளைக்கு ஏதாவது ஆயிடும், வேணாம்னு நான்தான் தடுத்தேன்.

ஆவணியில விசா வந்துச்சு. கப்பல்ல சாமான் அனுப்பற ஏஜென்ட் ஆளுங்க போளூர் வீட்டுக்குப் போய்தான் பேக்கிங் பண்ணாங்க. நானும் உங்கப்பாவும் போனோம். அந்தம்மா வாங்கன்னாங்க, ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்க, அவ்வளவுதான். கூடத்துல சாமான் எல்லாம் வெள்ளத் துணியில சுத்தி அடுக்கியிருந்துச்சு. அந்தக் குண்டானை அவங்க பிரிச்சு எனக்கே காட்டினாங்க. அஞ்சாறு மாசம் புழங்கின கரி ஒரு பொட்டுகூட இல்ல. புளியும் செங்கத்தூளும் போட்டு, கை தேயத் தேய விளக்கி, புது ஈயம் பூசி, கடையில இருந்து எடுத்தப்போகூட அவ்வளவு பளபளப்பு இல்ல. என் பொண்ணு சாமான் எப்படிப் போகணுமோ அப்படித்தான் போகும்னாங்க. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். பெத்தவ பொண்ணை அனுப்பற நாளு, அதுல போய் ஐயோ இப்படி விளக்கிட்டீங்களேன்னு எப்படிச் சொல்றது? பெட்டியை ஆணி அடிச்சு மூடினாங்க.

அதுக்கப்புறம் நடந்ததை நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன. கவிதா சொன்னது வேற மாதிரி. கஸ்டம்ஸ் ஆபீஸ்ல பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த ஆபீஸரம்மா வெள்ளத் துணியைப் பிரிச்சதும் குண்டான் தங்கம் மாதிரி மின்னுதாம். இது புழங்கின சாமானான்னு உன்னைக் கேட்டாங்களாம். நீ, இத்தனை வருஷம் அந்த ஊர்ல இருந்து அந்த பாஷையிலயே வேலை பாக்கற நீ, திக்கித் திணறி நின்னியாம். கவிதாதான் முன்னாடி வந்து, இதுல நான் சமைச்சிருக்கேன்னு சொன்னாளாம். அந்தப் பரீட்சைக்குப் படிச்ச நாலு வார்த்தையில. ஏதாவது போட்டோ இருக்கான்னு ஆபீஸரம்மா சாதாரணமாத்தான் கேட்டிருக்காங்க. மிரட்டல, உருட்டல. புழங்கினதைப் புழங்கினோம்னு சொல்றதுக்கு எதுக்குடா நமக்கு அத்தனை ரகசியம்?

கவிதா அப்பவே அவங்கம்மாவுக்குப் போன் போட்டா. இங்க மத்தியானம், அவங்க பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குப் போட்டு முடிச்சுட்டு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்திருக்காங்க. ஈரக் கையோட போனை எடுத்தவங்ககிட்ட, இத்தனை மாசம் நாங்க மென்னு முழுங்கினதை எல்லாம் கவிதா நின்ன எடத்துலயே கொட்டிட்டா. அந்தப் போட்டோவை அனுப்பும்மா, அது இருந்தாத்தான் குண்டான் வீட்டுக்கு வரும்னு கேட்டா. அனுப்பிட்டாங்க. ஆபீஸரம்மா அதைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, கரி புடிச்ச குண்டானையும் எதிர்ல இருக்கற குண்டானையும் மாத்தி மாத்திப் பாத்து சிரிச்சாங்களாம். இதுல என்ன வேகுதுன்னு கேட்டு, எப்படிப் பண்ணணும்னும் கேட்டுட்டுத்தான் முத்திரை குத்தினாங்களாம். நீ அன்னிக்கு எனக்குப் போன் பண்ணி, எல்லாம் முடிஞ்சுதும்மான்ன. உனக்கு முடிஞ்சுது.

எனக்கு எப்ப முடிஞ்சுதுன்னு சொல்றேன். தீபத்தன்னிக்கு அவங்க வந்தாங்க. ஊருக்கு வெளியவே பஸ்ஸை எல்லாம் நிறுத்திட்டாங்க, அங்கிருந்து நடந்தே வந்திருக்காங்க. கடையில நிக்க எடம் இல்ல. நான் பரண்ல இருந்து எறக்கின பழைய அலுமினியக் குண்டான்ல பொங்கலைக் கிளறிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல யாரோ வந்து கரண்டியைக் கையில இருந்து வாங்கினாங்க. திரும்பிப் பாத்தா அவங்க. புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, என்னைப் பாக்காம அடுப்பைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"அன்னிக்கு நான் குண்டானை மட்டும்தான் பாத்தேன், சம்பந்தியம்மா. புள்ள மூஞ்சியைப் பாக்கல."

அப்புறம் போனை எடுத்துக் காட்டினாங்க. ஊரே பாத்த போட்டோ, நான் மட்டும் அதுவரைக்கும் பாத்ததில்ல. பாக்கப் புடிக்கல. அதுல கவிதா சிரிச்சுக்கிட்டு நிக்கறா, பிரபு. அவங்கம்மா வந்தது தெரியாத நிமிஷம் அது. பொகையில ஒரு கண்ணை மூடிக்கிட்டு, நெத்தியெல்லாம் வேர்வை, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. பொண்ணைக் கொடுமைப்படுத்தறாங்கன்னு காட்டப் புடிச்ச போட்டோல அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கு. அனுப்பறதுக்காகத் தேடி எடுத்தப்போதான் அந்தம்மா அதைக் கவனிச்சிருக்காங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு, பொகைன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். இதை அழிச்சுடட்டான்னு கேட்டாங்க. வேணாம், இருக்கட்டும், அந்த ஆபீஸரம்மா திரும்ப எப்ப கேப்பாங்களோ தெரியாதுன்னேன். அப்பதான் ரெண்டு பேரும் சிரிச்சோம். மலை மேல தீபம் தெரிஞ்சு கூட்டம் பூரா அரோகரான்னு கை கூப்பினப்போ அவங்க ஒரு கையில கரண்டியோட கும்பிட்டாங்க. அடி புடிச்சுடுமாம். கடை அடைக்கற வரைக்கும் நின்னு பரிமாறிட்டுத்தான் போனாங்க.

அன்னில இருந்து எனக்கு அடிக்கடி போன் பண்றாங்க. பொண்ணு எப்படி இருக்குன்னு என்னைக் கேக்கறதில்ல, அதை அவகிட்டயே கேட்டுக்கறாங்க. என்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். குண்டான்ல என்ன ஆக்கினாங்களாம்? பொண்ணுகிட்ட கேட்டா அம்மா மனசு கோணக் கூடாதுன்னு எதையாவது சொல்லிடுமாம், நான்னா நிஜத்தைச் சொல்லுவேனாம். அவங்க, யாரும் இல்லாத வீட்ல தனியா உக்காந்துக்கிட்டு, தான் வாங்கின குண்டான் கடல் தாண்டிப் போய் மக வீட்டு அடுப்புல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இத்தனை நாளா தைப்பொங்கலுக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க போலன்னு நானும் நினைச்சுக்கிட்டு அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். அது கீழ இருட்டுல, சைக்கிளுக்கும் ஓட்ட சூட்கேஸுக்கும் நடுவுல கிடக்குதுன்னு நேத்துதான் எனக்கே தெரியும்.

கவிதா இதை என்கிட்ட சொல்லல பாரு. அதுதான் எனக்கு பயமா இருக்கு. நீ தூக்கிட்டுப் போகும்போது அவ பக்கத்துல நின்னு பாத்திருப்பா. அடுப்புல உக்காரலன்னா வேற என்ன பண்றதுன்னு அவளும் தலையை ஆட்டியிருப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டா. நான் என் குடத்துக்கு சொல்லாத மாதிரி. நீ கெட்டவன் இல்ல, எனக்குத் தெரியும். உங்கப்பாவோட தங்கச்சியும் கெட்டவ இல்ல. ஆனா நான் இன்னிக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்கும்போது விளிம்பைத் தடவிப் பாக்கறேன். கவிதாவுக்கு அப்படி ஒரு பழக்கம் வர வேணாம்டா. அவ பொறந்த வீடு, பேச்சு, சொந்தம் எல்லாத்தையும் விட்டுட்டு, ஒரு பெட்டி சாமானோட உன்னை நம்பி வந்திருக்கா. அந்தப் பெட்டியில இருந்த ஒவ்வொண்ணும் எங்க இருக்கணும்னு மொதல்ல அவளைக் கேளு. எடம் இல்லன்னா, எடம் பண்ணலாமான்னு கேளு. அப்புறம்தான் ஸ்டோர் ரூம் எல்லாம்.

கண்ணாடி அடுப்பு, தட்டையா இருக்கு, குண்டான் ஆடுதுன்னு சொல்லுவ. சரி, போன கோடையில உன் சிநேகிதங்களோட ஏதோ தோட்டத்துல கரி அடுப்பைப் போட்டுக்கிட்டு கோழி சுட்டுத் தின்ன போட்டோ அனுப்பினியே. கோழி சுட எடம் இருக்கு, குண்டான் வைக்க எடம் இல்லையா? பனி கொட்டுதுன்னா ஸ்வெட்டரைப் போட்டுக்கோ, குல்லா போட்டுக்கோ. தைப்பொங்கல் வருது. உங்களுக்குத் தலைப் பொங்கல். உன் ஆபீஸ் ஆளுங்க, எதிர் வீட்டுக்காரங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரையும் கூப்பிடு. அந்தக் குண்டானுக்கு ஆளுங்க வேணும். உங்க ரெண்டு பேரை மட்டும் வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்? அதைத்தான் அந்தம்மா அன்னிக்கே நினைச்சு வாங்கினாங்களோ என்னவோ, என் பொண்ணு வீட்டுக்கு நாலு பேர் வரட்டும்னு. எங்க வீட்டுல புழங்கற சாமான்னு எழுதி நீயும் அவளும் கையெழுத்து போட்டுத்தானே கப்பல்ல இருந்து எடுத்தீங்க. அப்ப புழங்குங்க.

பொங்கலன்னிக்கு உன் மாமியாருக்கு நீயே போன் போடு. கவிதா கையில குடுக்காத. நீ இன்னும் அவங்ககிட்ட அந்த ஒரு வார்த்தையை சொல்லல. மாசக்கணக்கா நான் அதை சுமந்துக்கிட்டு திரிஞ்சேன், அவங்களே தெரிஞ்சுக்கிட்டாங்க, அதனால நீ சொல்ல வேணாம்னு ஆயிடாது. நான்தான் சொன்னேன் அத்தை, எங்கம்மா மேல தப்பு இல்லன்னு சொல்லு. எனக்காக இல்லன்னாலும், அவங்க உன்கிட்ட இருந்து கேக்கணும்.

நேத்து நீ போனை வச்சு கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவங்க பண்ணாங்க. வழக்கம் போல, குண்டான்ல என்ன ஆக்கினாங்களாம்னு கேட்டாங்க. கீழ கிடக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பொங்கல் வச்சாளாம்னு சொல்லிட்டேன். முந்திரி போட்டாளாமான்னாங்க. போட்டாளாம்னேன்.  அப்புறம், அது போதும் சம்பந்தியம்மான்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

உனக்காக ஊர் எதிர்ல ஒரு தடவ வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நேத்து உனக்காக ஒரு பொய்யும் சொல்லிட்டேன். கீழ போய் அந்தக் குண்டானைத் தூக்கிட்டு வாடா. வரும்போது முந்திரி வாங்கிட்டு வா.